அரை எம்.எல்.

குப்புராஜ் செத்த மூன்றாம் நாளே செம்பாக்கம் ஏரிக்கரைத் தெரு தீர்ப்பு சொல்லிவிட்டது. பெண்டாட்டி சரசு ஊசி போட்டாள், ஆள் போய்விட்டான். வேண்டுமென்று செய்தாள் என்று யாரும் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் தெருவுக்கு மனசாட்சி இருந்தது. ஆனால் தண்ணி லாரி சரசு வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். குடத்தோடு குடம் இடிக்கிற சத்தத்தில் பேசினால் யாருக்கும் கேட்காது என்று அவர்களுக்கு நினைப்பு. ஜன்னலுக்கு உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

“படிச்ச டாக்டர் போடற ஊசியே சில பேருக்கு ஒத்துக்காம பூடுது. எட்டாங்கிளாஸ் படிச்சவ இன்னாத்துக்கு ஊசிய தொட்டா?”

“அதான! கூப்புடு தூரத்துல ஆஸ்பத்திரி கீது. யார கேட்டுகினு குத்துனா இவ?”

வெளியே கேட்டதாவது ஜன்னலைச் சாத்தினால் நின்றுவிடும். வீட்டுக்குள் மாமியார் முத்தாலம்மாள் இருந்தாள். மகன் போன அன்று அவள் மேடவாக்கத்தில் மகள் வீட்டில் இருந்தாள். ஆனாலும் துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும், பக்கத்தில் நின்று பார்த்தவள்போலச் சொல்லுவாள்.

“எம்புள்ள மாடிலேர்ந்து ரெண்டு காலால நடந்து எறங்கி வந்தாம்மா. நடந்து வந்தவன குந்த வெச்சி குத்துனா பாரு, அப்பால அவன் முழுசா ஒரு நாள் பாக்கல.”

பெற்ற வயிறு எரிகிறது, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று சரசு விட்டுவிட்டாள். ஆனால் பத்தாம் நாள் மகள் ஜீவிதாவுக்குக் காய்ச்சல் வந்தது. பதினான்கு வயசுப் பெண். சரசு மாத்திரையைப் பிரித்து, தண்ணீரோடு நீட்டினாள். பெண் மாத்திரையை வாங்கவில்லை. ஒரு கணம் திரும்பிப் பாட்டியின் முகத்தைப் பார்த்தாள். கிழவி அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்த பிறகுதான் பெண் வாயில் போட்டுக்கொண்டாள். அன்றைக்குத்தான் சரசுவுக்கு நெஞ்சே விட்டுப் போயிற்று.

அவளுக்கே தெரியவில்லை, அதுதான் கொடுமை. ஊசி சரியாகத்தான் போட்டோமா, தப்பாகப் போட்டுவிட்டோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

குப்புராஜ் ஏசி மெக்கானிக். சேலையூரிலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் அவன் கை படாத அடுக்குமாடி கிடையாது. ஏசியின் வெளிப்பெட்டி ஒன்று உண்டல்லவா, ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் மாட்டி வைத்திருப்பார்களே, அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருக்கும். வெயிலும் படாத மழையும் படாத அந்த இடம் குளவிக்கு ரொம்பப் பிடித்துப் போகும். ஆறேழு மாசம் போடாமல் கிடந்த ஏசியை மார்ச்சு பிறந்ததும் போடுவார்கள். ஜில்லென்று வரவில்லை என்று குப்புராஜுக்குப் போன் அடிப்பார்கள். அவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சன்ஷேடில் இறங்கி மூடியைக் கழற்றினால், உள்ளே அது குடும்பம் குட்டியோடு குடியிருக்கும். இந்தத் தொழிலில் குளவி கொட்டாத ஆள் ஒருத்தனைக் காட்ட முடியாது. மற்றவர்களுக்கு வீங்கும், சுண்ணாம்பு தடவுவார்கள், போய்விடும். குப்புராஜ் உடம்பு வேறு மாதிரி.

முதல் தடவை உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்தது. முத்தாலம்மாள் பார்த்துவிட்டு, “காணாக்கடிடா இது” என்றாள். கொட்டின குளவியை அவன் காலால் நசுக்கிவிட்டு வந்திருந்தான், அப்படியும் அவளுக்குக் காணாக்கடிதான். பரண்மேல் கிடந்த முரட்டுக் கம்பளியை இறக்கி முதுகெல்லாம் பரபரவென்று தேய்த்தாள். வெற்றிலையில் ஒன்பது மிளகு வைத்து மெல்லச் சொன்னாள். அடங்கிவிட்டது. அடங்கியதால் அது வைத்தியம் ஆகிவிட்டது.

அடுத்த வருஷம் கேளம்பாக்கத்தில் கொட்டியபோது உதடு வீங்கி, நாக்கு தடித்து, பேச்சு குழறியது. தெருமுனை கிளினிக்கில் ஏவில் ஒன்று, டெக்கடிரான் ஒன்று என்று இரண்டு ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வற்றிவிட்டது. மத்தியானமே மறுபடி சன்ஷேடில் ஏறிவிட்டான். அதுவும் வைத்தியம் ஆகிவிட்டது.

மூன்றாவது தடவை பெருங்களத்தூரில், போன சித்திரையில். கொட்டின பத்து நிமிஷத்தில் லிப்ட் வாசலில் விழுந்துவிட்டான். வாட்ச்மேன் ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாடி கிடைக்கவில்லையாம். அங்கே தொடையில் ஒரே ஒரு ஊசி போட்டார்கள். சரசு அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கண் விழித்துப் பார்த்து, “டூல்ஸ் பை லிப்டாண்டயே கீது, யாருன்னா எத்துகினு பூடப் போறாங்க” என்றான்.

ஊசி போட்டது தபீதாள் சிஸ்டர். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கிற நர்ஸ். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, யார் என்ன என்று பார்க்காமல் எல்லாரையும் அதட்டுவாள். மறுநாள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் உட்கார வைத்தாள்.

“இனிமே எப்ப கொட்டினாலும் இப்படித்தான் வரும், இதைவிட மோசமாவும் வரலாம். வேலையை மாத்திக்கப்பா.”

“ஏசி மெக்கானிக்க வேற இன்னா வேலைக்கு சிஸ்டர் கூப்டுவாங்க?”

“அப்ப உன் சம்சாரம் ஊசி போடக் கத்துக்கட்டும். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், எழுதிக் குடுத்துட்டார். கொட்டு வாங்கினவனுக்கு உடனே கண்ணு இருட்டும், உன்னால முடியாது.”

“ஐயோ, நானா சிஸ்டர்?” என்று சரசு பதறினாள். “கோழி அறுக்கறதையே பாக்க மாட்டேன் நானு.”

தபீதாள் சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினாள். “இது புது மருந்து இல்லம்மா. நூறு வருஷத்துக்கு மேல பழசு. அட்ரினலின். வெளிநாட்டுல பேனா மாதிரி வருதாம், தொடையில வெச்சு அழுத்தினா போதும். நம்ம கைக்கு அதெல்லாம் எட்டாது. நமக்கு ஆம்பியூலும் சிரிஞ்சும்தான். நான் வேலைக்கு வந்த புதுசுல எங்களுக்கே இதைத் தொட பயம். நெஞ்சு படபடன்னு அடிக்கும், இதயத்துக்கு ஆகாதுன்னு சொல்லியே வெச்சிருந்தாங்க. மொதல்ல ஏவில் போடுவோம், டெக்கடிரான் போடுவோம், டிரிப்ஸ் ஏத்துவோம். எல்லாம் கை மீறின பிறகுதான் இதை எடுப்போம். பென்சிலின் போட்டு அப்படி ஆன ஒரு பொண்ணு, ஏழு மாசம் கர்ப்பம், என் கையைப் புடிச்சிக்கிட்டே போச்சு. மொதல்லயே இதைப் போட்டிருந்தா வீட்டுக்குப் போயிருக்கும். இப்ப அப்படி இல்ல. மொதல்ல இது, அப்புறம்தான் மத்ததெல்லாம். பயப்படறவங்க கையிலதான் உசிரு போகும்.”

ஒரு சாத்துக்குடியை வாங்கிவரச் சொல்லி, வெறும் தண்ணீரை சிரிஞ்சில் ஏற்றி, அதில் குத்தப் பழக்கினாள். பத்துத் தடவை, இருபது தடவை. “அரை எம்.எல். இதோ இந்தக் கோடு. இதுக்கு மேல போகக் கூடாது.” இன்னும் நாலைந்து விஷயம் சொன்னாள். சரசு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கண் மட்டும் அந்தக் கோட்டிலேயே இருந்தது.

ஜீவிதாவின் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் இரண்டு ஆம்பியூலும் இரண்டு சிரிஞ்சும் வைத்து, சாமி அலமாரிக்குக் கீழே வைத்தார்கள். குப்புராஜ் அன்றிலிருந்து பெண்டாட்டியை நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டான். “நர்ஸம்மா, ஒரு டீ போடு.” ஒரு வருஷம் அந்தப் பெட்டியைத் திறக்க வேலையே வரவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சரசு காரப்பொடி மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். குழம்பு ஒரு பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. மாடியில் இருக்கிற வீட்டுக்காரர் யக்ஞநாராயணன் சார் எட்டிப் பார்த்து, “குப்பு, பெட்ரூம் ஏசில காத்துதான் வருது, கொஞ்சம் பார்த்துட்டுப் போயிடேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, வீட்டுக்காரர் கேட்கிறார், ஒரு நிமிஷ வேலை. லுங்கியோடு போனான். ஐந்து நிமிஷத்தில் பிடரியைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தான்.

“சரசு, கொட்டிட்ச்சி.”

சரசு மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். கையெல்லாம் செதில். புடவையில் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தாள். அதற்குள் அவன் முகம் வெளுத்து, மூச்சு கொய்யென்று இழுக்க ஆரம்பித்துவிட்டது. தரையில் சரிந்துவிட்டான். ஆம்பியூலை உடைக்கும்போது கண்ணாடி கீறி அவள் விரலில் ரத்தம் வந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. கோட்டைப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தாள். அரை. லுங்கியை ஒதுக்கித் தொடையில் குத்தினாள். ஜீவிதா அழுதுகொண்டே ஆம்புலன்ஸுக்கும் மாமனுக்கும் போன் செய்தாள். இருபது நிமிஷத்தில் வண்டி வரும் என்றார்கள்.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். மூச்சு இழுப்பது குறைந்தது. உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து, “கொளம்பு அடி புடிக்குது பாரு” என்றான். சரசு சிரிப்பும் அழுகையுமாய் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

அப்போதுதான் தனசேகர் வந்தான். சரசுவின் தம்பி. திருமுடிவாக்கத்தில் லேத்துப் பட்டறையில் வேலை, குடியிருப்பது இரண்டு தெரு தள்ளி. அக்காவுக்கு ஒன்றென்றால் சட்டை போடாமல் ஓடி வருகிறவன். அன்றும் பனியனோடுதான் வந்தான். பைக்கை அணைக்கக்கூட இல்லை.

“ஆம்புலன்ஸ் வருதாம்டா.”

“அது எப்ப வந்து, எப்ப போய்ச் சேர? அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்போ நான் வண்டில வெச்சி இஸ்துகினு போவல? டாக்டரு இன்னா சொன்னாரு, அஞ்சி நிமிசம் லேட்டாயிருந்தா அவ்ளோதான்னாரு. தூக்கு, தூக்கு. டேய் ஆல்வின், வந்து பின்னால குந்து.”

எதிர் வீட்டு ஆல்வின் ஓடி வந்தான். நம் பக்கத்தில் இதுதான் வழக்கம். நோயாளியை நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவன் அணைத்துப் பிடித்துக்கொண்டு, சிக்னலில் ஹாரன் அடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவது. எத்தனையோ பேர் அப்படிப் போய்ப் பிழைத்து வந்திருக்கிறார்கள். இரண்டு பேருமாய் அக்குளில் கை கொடுத்துக் குப்புராஜை நிமிர்த்தினார்கள்.

“தலய சுத்துது மச்சான். செத்த படுத்துக்கறேன்டா.”

“ஆஸ்பத்திரில போயி படுத்துக்கலாம் மாமா, வா.”

சரசு அவனுக்குச் சட்டை மாட்டினாள். வண்டியில் ஏற்றியதும், பின்னால் சரியாமல் இருக்க ஒரு துண்டை எடுத்து, குப்புராஜின் இடுப்பையும் தம்பியின் இடுப்பையும் சேர்த்துக் கட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது.

மெயின் ரோட்டில் கூட்டம் இருக்கும் என்று தனசேகர் ஏரிக்கரை வழியைப் பிடித்தான். அங்கே சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தது. திரும்பி வர வேண்டியதாயிற்று. கேம்ப் ரோடு சிக்னலில் நிற்கும்போது குப்புராஜின் தலை அவன் தோளில் விழுந்தது. “மாமா, தூங்காத மாமா” என்று சொல்லிக்கொண்டே ஓட்டியிருக்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரித்தார்கள். அப்போது உயிர் இல்லை. ஆம்புலன்ஸ் பதினாலாவது நிமிஷமே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்று பிறகு ஜீவிதா சொன்னாள்.

பதினாறாம் நாள் காரியம். அதற்கு முன்னால் புருஷனை இழந்தவள் வாசல்படி தாண்டக் கூடாது. ஆனால் பதினாலாம் நாள், ஆஸ்பத்திரியில் பேப்பர் வாங்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு சரசு கிளம்பினாள். மிச்சமிருந்த ஒரு ஆம்பியூலோடு அந்த ஜாமெட்ரி பாக்ஸும் பையில் இருந்தது. “அந்தச் சனியன் இந்த வூட்ல இருக்கக் கூடாது” என்று முத்தாலம்மாள் சொல்லியிருந்தாள். குப்பையில் போட சரசுவுக்கு மனசு வரவில்லை.

தபீதாள் சிஸ்டருக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. நெற்றியைப் பார்த்தாள், கையைப் பிடித்து ஊசி போடும் அறைக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தாள்.

“நான் இன்னா தப்பு பண்ணேன் சிஸ்டர்? அத்த மட்டும் சொல்லிடுங்க. அரதான் போட்டேன். ரெண்டு வாட்டி பாத்தேன். எம்பொண்ணே என் கையால மாத்தர வாங்க மாட்டேங்குது சிஸ்டர்.”

“எத்தனை நிமிஷத்துல போட்ட?”

“கொட்டிட்டு வந்த ஒடனே. ரெண்டு நிமிசம்கூட ஆவல.”

“போட்டதும்?”

“மூச்சு வந்திட்ச்சி. பேசினாரு. கொளம்பு அடி புடிக்குதுன்னாரு.”

“அப்ப ஊசி வேலை செஞ்சிருக்கு” என்றாள் சிஸ்டர். “எதுல கொண்டுவந்தீங்க? ஆம்புலன்ஸா?”

சரசு சொன்னாள். தம்பி வந்தது, நடுவில் உட்கார வைத்தது, துண்டால் கட்டியது, எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த அம்மாள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“சொல்லியிருந்தேனே சரசு” என்றாள், அதட்டாமல். “போட்டதும் படுக்க வை, காலைத் தூக்கித் தலகாணி மேல வை, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என்ன ஆனாலும் எழுந்திருக்க விடாதன்னு சொன்னேன்.”

“சொன்னீங்களா?”

“அந்த நேரத்துல ரத்தமெல்லாம் கால் பக்கம் எறங்கி நிக்கும்மா. படுத்திருந்தா இதயத்துக்குக் கொஞ்சம் வரும். நிமித்தி உக்கார வெச்சா அதுவும் நின்னு போகும். நல்லா பேசிக்கிட்டே இருப்பாங்க, உக்கார வெச்சதும் போயிடும்.”

சரசுவுக்கு அந்தக் குரல் காதில் விழுந்தது. செத்த படுத்துக்கறேன்டா. அவன் கேட்டானே. வாய் திறந்து கேட்டானே பாவி மனுஷன். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். ஊசி அறை வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கேளு” என்று சிஸ்டர் அவள் தோளை உலுக்கினாள். “ஊசி போட்டதுல ஒரு பொட்டு தப்பு கிடையாது. அதுதான் அவரை அவ்வளவு நேரம் வெச்சிருந்தது. நாளன்னைக்குக் காரியம்னு சொன்ன இல்ல? நான் வர்றேன். உன் மாமியார், தெரு ஜனம், எல்லாரையும் வெச்சுக்கிட்டே சொல்றேன். உன் பொண்ணுகிட்ட நானே சொல்றேன்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த நேரமெல்லாம் சரசுவுக்கு உடம்பு கொதித்தது. அவள்தான் கொல்லவில்லையே! பதினாலு நாளாய் எல்லார் வாயிலும் விழுந்து கிடந்தாளே! அந்தத் தம்பிதான் வந்தான், அவன்தான் தூக்கினான். யார் அவனைத் தூக்கச் சொன்னது? தானே பெரிய டாக்டர் மாதிரி, அப்பாவைக் கொண்டுபோனேன், அஞ்சு நிமிஷத்தில் பிழைக்க வைத்தேன் என்று. தான் கட்டின முடிச்சு நினைவுக்கு வந்தது. அதை ஓரமாய்த் தள்ளினாள். வீட்டுக்குப் போகாமல் நேரே தம்பி வீட்டுக்குப் போய், முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று இறங்கி நடந்தாள்.

வாசலிலேயே தம்பி பெண்டாட்டி ஏஞ்சல் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, நல்ல வேளை வந்தீங்க. எனக்கு பயமா கீது அண்ணி. வேலைக்குப் போயி பதினாலு நாளாச்சி. சோறு வெச்சா வெச்ச எடத்துலயே கீது. நேத்து சாயங்காலம் தண்டவாளத்தாண்ட போயி நின்னுகினு இருந்தாரு. அந்தப் பக்கம் வந்த ஆல்வினு பாத்துட்டு இஸ்துகினு வந்து வுட்டான்.”

உள்ளே தனசேகர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தாடி மண்டியிருந்தது. இரும்பு தூக்கித் தூக்கி உருண்டிருந்த தோள் இரண்டும் சப்பென்று இறங்கிவிட்டிருந்தன. அக்காவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியாமல் உட்கார்ந்துவிட்டான்.

“காரியத்துக்குக் கோடிப் புடவ போட நான் வரலக்கா. சித்தப்பா பையன யாருன்னா போடச் சொல்லு. எங்கையால வேணாம்.”

“ஏன்டா?”

“நேரா மெயின் ரோட்ல போயிருந்தா பத்து நிமிசம். ஏரிக்கர பக்கம் திரும்பினேன் பாரு. மாமா என் தோள்ல சாஞ்சாருக்கா. தூங்கறாருன்னு நெனச்சிகினு வண்டி ஓட்டினேன். செத்துப் போனவர தூங்காத தூங்காதன்னு சொல்லிகினே ஓட்டினேன்.”

“அதுக்கு நீ இன்னா பண்ணுவ?”

“ஜனம் ஒன்ன சொல்லுது. எனக்குத் தெரியும்க்கா, நீ சரியாத்தான் போட்ட. பேசினாரே, பாத்தேனே. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கன்னு ஜீவிதா போன்ல சொல்லிச்சி, இன்னா சொன்னாங்க? ஊசி சரின்னுதான சொன்னாங்க? ஊசி சரின்னா அப்பால நான்தான்க்கா. நான்தான் மாமாவ சாவடிச்சேன்.”

ஏஞ்சல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சரசு தம்பியின் முகத்தையே பார்த்தாள். சொல்ல வந்தது தொண்டை வரைக்கும் இருந்தது. வழி மாறிப் போனதை நினைத்தே இப்படி ஆகியிருக்கிறான். ‘நீ தூக்கினதால்தான்’ என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் இவன் இருப்பானா? ஊசி சரி என்று மட்டும் சொல்லி மீதியை விழுங்கிவிடலாம் என்றாலும், அதுவும் போய் அவன் தலையில்தான் இறங்கும். அவன்தான் கணக்காய்ச் சொல்லிவிட்டானே.

“சரின்னு சொல்லலடா” என்றாள் சரசு.

அவன் நிமிர்ந்தான்.

“அர போடணும். நான் பயத்துல முழுசும் ஏத்திட்டேன். இப்பதான் சிஸ்டரு சொன்னாங்க. ஜாஸ்தியாப் போனா மொதல்ல தெளிஞ்ச மாதிரி பேசுவாங்களாம், அப்பால நெஞ்சு நின்னு பூடுமாம். நீ பறந்து போயிருந்தாலும் ஒண்ணியும் ஆயிருக்காதுடா. நீ வண்டில ஏத்தறதுக்கு முன்னாலயே முடிஞ்சி போச்சி.”

இத்தனை பொய் தன் வாயிலிருந்து இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. தனசேகர் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தான். பிறகு ஓவென்று அழுதான். அந்த வீட்டில் பதினாலு நாளாய் வராத அழுகை. அடங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. அடங்கினதும் ஏஞ்சல் ரசம் சோறு பிசைந்து கொண்டுவந்து வைத்தாள். எடுத்துச் சாப்பிட்டான். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சரசு அவன் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் சிஸ்டருக்குப் போன் செய்தாள்.

“நாளன்னிக்கு நீங்க வர வேணாம் சிஸ்டர்.”

“ஏம்மா?”

“நானே சொல்லிட்டேன். எல்லாரும் ஒத்துக்கினாங்க.”

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றாள் தபீதாள் சிஸ்டர். “நீ நல்லா இரு.”

ஏஞ்சல் யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் ஆல்வின் வீட்டில் சொன்னாள். மறுநாள் காலை தண்ணி லாரி வருவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் ஊகமாய் இருந்தது இப்போது சரசுவே ஒத்துக்கொண்டதாய் ஆகிவிட்டது. முத்தாலம்மாள் அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் சொல்லி அழவில்லை. ஜீவிதாவின் புத்தகப் பையையும் துணிகளையும் எடுத்துத் தன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். “பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள மேடவாக்கத்துக்கு இட்டுகினு போறேன்” என்றாள். பெண் அம்மாவைப் பார்க்கவில்லை. சரசு வாயைத் திறந்தால் தம்பி செத்தான்.

காரியத்தன்று காலையிலேயே வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. சுவரோரமாய் மணை போட்டு சரசுவை உட்கார வைத்திருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிதான் முதலில் விழ வேண்டும். தனசேகர் வந்தான். முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தட்டில் புடவையும் பூவும் வைத்துக்கொண்டு வந்தான். உடம்பில் கொஞ்சம் தெம்பு தெரிந்தது. இவன் இப்படி நடந்து வருவதைப் பார்க்கத்தான் அத்தனையும் என்று சரசுவுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்தது.

அவன் குனிந்து புடவையை அவள் தோளில் போட்டான். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒப்பாரியை எடுத்தார்கள். அந்தச் சத்தத்துக்குள், அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“ஏங்க்கா போட்ட? நான்தான் வண்டி எத்துகினு வந்துகினே இருந்தேன் இல்ல? நீ ஒண்ணியும் பண்ணாம வுட்டிருந்தா நான் கொண்டு போயி மாமாவ காப்பாத்தியிருப்பேனேக்கா.”

சரசு அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமும் இருந்தது.

“தெரியாம போட்டுட்டேண்டா” என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தான். அடுத்த கோடி போட சித்தப்பா வீட்டார் வரிசையில் நின்றார்கள். சரசு தம்பி போட்ட புடவையைத் தோளில் சரி செய்துகொண்டு, அவர்களுக்காகத் தலையைக் குனிந்தாள்.